பழைய கத்தோலிக்கப் பதக்கத்தை அடையாளம் காண்பது எப்படி?

பழைய பதக்கம் கையில் கிடைத்ததும் தேய்த்துப் பளபளப்பாக்கத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். எழுத்துகளில் மிச்சமிருக்கும் மேடும் அதோடு போய்விடும். தளர்ந்த மண்ணை மட்டும் மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள், போதும்.

படி 1: சாய்ந்த வெளிச்சம்

இருட்டான அறையில் டார்ச்சை மேசையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, பதக்கத்தை மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடுகள் நிழலால் எழுந்து வரும். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கையில் என்ன, காலடியில் என்ன?

முகத்தை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் புனிதர்களும் ஒரே சாயலில்தான் இருப்பார்கள். சாவி என்றால் பேதுரு, வாள் என்றால் பெரும்பாலும் பவுல். லீலி மலரும் குழந்தை இயேசுவும் இருந்தால் பதுவை அந்தோனியாரா சூசையப்பரா என்ற குழப்பம் வரும். துறவி அங்கியும் இடுப்புக் கயிறும் தெரிந்தால் அந்தோனியார். தாடி இருந்தால் அநேகமாக சூசையப்பர். தொடையில் காயம், பக்கத்தில் நாய் என்றால் ஆரோக்கியநாதர் (புனித ரோக்).

படி 3: எழுத்து

‘ஓரா ப்ரோ நோபிஸ்’ லத்தீன், ‘ப்ரியே பூர் நூ’ பிரெஞ்சு. இரண்டுக்கும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றே பொருள். லத்தீனில் ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும், குழம்ப வேண்டாம். சிலுவை முழுக்கத் தனித்தனி எழுத்துகளா? அது புனித பெனடிக்ட் பதக்கம். நடுவே மேலிருந்து கீழாக வரும் சி, எஸ், எஸ், எம், எல் என்பவை ‘திருச்சிலுவை எனக்கு ஒளியாகட்டும்’ என்ற லத்தீன் வரியின் முதலெழுத்துகள்.

படி 4: காலம்

பலர் தடுமாறுவது இங்கேதான். உலக உருண்டைமேல் நிற்கும் மரியாள், கைகளிலிருந்து பாயும் கதிர்கள், கீழே 1830. பின்பக்கம் சிலுவையோடு ‘எம்’, இரண்டு இதயங்கள், சுற்றிலும் 12 நட்சத்திரங்கள். இது அற்புதப் பதக்கம். 1830 என்பது பதக்கம் செய்த ஆண்டல்ல, பாரிஸில் கத்தரீன் லபூரே என்ற துறவிக்கு மரியாள் காட்சி தந்த ஆண்டு. முதல் பதக்கமே 1832-இல்தான் வார்ப்பானது. 1830 என்றே பொறித்து இன்றும் செய்கிறார்கள். பெனடிக்ட் பதக்கத்தில் ரோமன் எண்ணில் வரும் 1880-உம் அப்படித்தான். அது அவர் பிறந்து 1400 ஆண்டுகள் ஆனதன் நினைவு.

ஆண்டைவிடப் பட்டம் நம்பகமானது. பிரான்சின் லிசியே நகரத் தெரேசாவுக்கு 1923-இல் அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 1925-இல் புனிதர் பட்டம். எனவே அவரை ‘அருளாளர்’ என்று அழைக்கும் பதக்கம் அந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். ‘புனித’ என்றிருந்தால் 1925 அல்லது அதற்குப் பிந்தையது.

உலோகமும் உதவும். எடையே இல்லாத வெளிர்சாம்பல் பதக்கம் அலுமினியமாக இருக்கும். அலுமினியம் மலிவானது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முந்தையது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.