அமெரிக்கா போகுமுன் கை பழகட்டும்

தக்கலையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். கல்யாணமாகி அமெரிக்கா போகும் பிள்ளைகள், "அக்கா, அங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு என்ன படிக்கலாம்?" என்று கேட்பார்கள். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான் சொல்வது கிளினிக்கல் மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலையைத்தான்; பி.பி. பார்ப்பது, ரத்தம் எடுப்பது என்று டாக்டருக்கு உதவும் வேலை அது.

முதலில் விசாவைப் பாருங்கள், மக்களே. வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் போனால் படிக்கத் தடையில்லை. ஆனால் வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. அங்கே கம்யூனிட்டி காலேஜ் பலவற்றில் இந்தப் பயிற்சி உண்டு. அதை முடித்தபின் என்.எச்.ஏ. (நேஷனல் ஹெல்த்கேரியர் அசோசியேஷன்) என்ற அமைப்பு நடத்தும் சி.சி.எம்.ஏ. என்ற, இந்த வேலைக்கான சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். 3 மணி நேரம். மதிப்பெண்ணுக்கு 150 கேள்விகள், கணக்கில் சேராதவை 30. சரியான விடைகளை வேறொரு அளவுகோலுக்கு மாற்றிப் போடும் மதிப்பெண்ணில் (ஸ்கேல்டு ஸ்கோர்) 390 எடுத்தால் பாஸ். அதற்குப் புத்தகம் போதாது, கை பழகியிருக்க வேண்டும்.

பி.பி. பார்ப்பதை இங்கே வீட்டிலேயே தொடங்கலாம். பட்டனை அமுக்கினால் எண் காட்டும் கருவி வேண்டாம். முள் உள்ள கருவியும் ஸ்டெதாஸ்கோப்பும் வாங்குங்கள். குளச்சலில் மீன்கூடையை இறக்கிவிட்டு நேராக வந்து கை நீட்டும் பாட்டிக்கு உடனே பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். 5 நிமிடம் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில் படணும், கால் மேல் கால் கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீயும் வேண்டாம். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். கஃப் என்ற கைப்பட்டையைச் சேலை, ரவிக்கை மேல் சுற்றாதீர்கள். பார்க்கும்போது ஊர்க்கதையும் பேசக்கூடாது. மணிக்கட்டு நாடி மறையும் வரை காற்றடித்து, அதற்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. அளவில் இறக்குங்கள். முதலில் கேட்கும் சத்தம் மேல் அளவு, சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. 134/86 கேட்டால் அதையே எழுதுங்கள். 120/80 என்று கண்ணை மூடி எழுதும் பழக்கம் நான் பார்த்ததிலேயே மோசமானது. மாத்திரை வேண்டிய மனுஷர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

ரத்தம் எடுப்பதை மட்டும் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் யாரிடமும் செய்து பார்க்காதீர்கள். எந்த டியூபில் முதலில் ரத்தம் பிடிப்பது என்ற வரிசையை இப்போதே மனப்பாடம் செய்யலாம்: ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில், வெளிர்நீல மூடி, சிவப்பு அல்லது பொன்னிறம், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கிறது. அது அடுத்த டியூபில் ஒரு துளி கலந்தாலும் பொட்டாசியம் கூடியும் கால்சியம் குறைந்தும் காட்டக்கூடும். இப்படிக் காரணத்தோடு படித்தால் வரிசை மறக்காது.

அப்புறம், நம்ம ஊரில் பஸ்ஸில் வைத்தே "அவளுக்கு என்ன சீக்காம்?" என்று கேட்போம். அங்கே 1996-இல் வந்த, நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி, நோயாளியின் விவரத்தைச் சொந்தக்காரர் கேட்டாலும் நோயாளியின் சம்மதமின்றி நீங்களாகச் சொல்லக்கூடாது. ஆளை அடையாளம் காணவும் முறை உண்டு. "நீங்கதானே மேரி?" என்று கேட்காதீர்கள், காது மந்தமானவர் எதற்கும் தலையாட்டுவார். முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். டியூபில் லேபிளை, நோயாளியின் பக்கத்தில் நீங்கள் நிற்கும்போதே ஒட்டிவிடுங்கள்.