தயிர்ச்சட்டியிலிருந்து தொடங்குங்கள்: முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு நுண்ணுயிரியல் செய்முறை

முதலாண்டுப் பிள்ளைகள் பற்றீரியாக்களின் பெயர்களை மனனம் செய்துகொண்டு வருவார்கள். அவை தங்கள் வீட்டுத் தயிர்ச்சட்டிக்குள்ளேயே இருப்பதைப் பலர் கண்டிருக்க மாட்டார்கள். மட்டக்களப்பில் எருமைத் தயிருக்குப் பஞ்சமில்லை. அதை வைத்து முதல் செய்முறை வகுப்பை எப்படி நடத்தலாம் என்று, புதிதாகக் கற்பிக்க வரும் உங்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: முதல் நாள். ஆளுக்கு ஒரு கரண்டி உறைமோர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவைத்த பாலில் பீ.எச். தாளைத் (அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது) தொட்டுப் பார்க்கட்டும், 6.6 அளவில் இருக்கும். உறை ஊற்றி மூடி வையுங்கள். மறுநாள் அது 4.6 அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கியிருக்கும். பற்றீரியா பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சர்க்கரையை லக்டிக் அமிலமாக மாற்றுகிறது, அந்த அமிலத்தில் கேசீன் புரதம் திரள்கிறது. இதைத்தான் நாம் தயிர் என்கிறோம். ஆய்வுகூடத்தில் உறைந்ததை யாரும் சுவைக்கக் கூடாது. சாப்பிடுவதற்கு வேறு சட்டி வாங்கிக் கன்ரீனில் வையுங்கள். பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

படி 2: பூச்சு. எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. என் முதல் வகுப்பில் பிள்ளைகள் தயிரை அப்படியே வழுக்கியில் (நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தகடு) அப்பிவிட்டார்கள். கொழுப்பும் புரதமும் சாயத்தைப் பிடித்துக்கொள்ள, பார்த்த இடமெல்லாம் ஊதா. ஊசிமுனையளவு தயிரை ஒரு துளி நீரில் கரைத்து மெல்லப் பரப்ப வேண்டும். வழுக்கியின் அடியில் அச்செழுத்தை வைத்தால் வாசிக்க முடிய வேண்டும், அவ்வளவு மெல்லிது. காற்றில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுடருக்கு மேலாக மூன்று தரம் கொண்டுபோக வேண்டும்.

படி 3: கிராம் சாயமிடல். பற்றீரியாக்களை நிறத்தால் இரண்டாகப் பிரிக்க ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை. ஊதாவைப் பிடித்துவைப்பவை கிராம் நேர், அதை இழந்து கடைசிச் சாயத்தின் சிவப்பை ஏற்பவை கிராம் எதிர். கிறிஸ்டல் வயலட் 1 நிமிடம், கழுவுங்கள். அயடீன் 1 நிமிடம், கழுவுங்கள். அப்புறம் அற்ககோல், சொட்டுச் சொட்டாக. வடியும் நீர் தெளிந்ததும் உடனே கழுவுங்கள். கூடுதலாக விட்டால் கிராம் நேர் பற்றீரியாவும் நிறமிழந்துவிடும். கடைசியில் சஃப்ரனின் 1 நிமிடம்.

படி 4: பார்ப்பது. நுணுக்குக்காட்டியில் 100 மடங்குப் பொருள்வில்லை, அதற்கும் வழுக்கிக்கும் இடையில் ஒரு துளி அமிழ்ப்பு எண்ணெய். ஊதாக் கோல்களும் சங்கிலியாக நிற்கும் ஊதாக் கோளங்களும் தெரியும். உருவத்தை வைத்து இனத்தின் பெயர் சொல்ல விடாதீர்கள். "கிராம் நேர் கோலுரு" என்பதோடு நிறுத்தட்டும்.

படி 5: படம் போடுவது. கையுறை போட்டவர் போனைத் தொடக் கூடாது. குழுவில் ஒருவர் கைகழுவிவிட்டுப் படமெடுப்பதற்கென்றே நிற்கட்டும். கமராவை நுணுக்குக்காட்டியின் கண்வில்லையோடு நேராகப் பிடித்தால் போதும். படத்தைப் பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போடும்போது மூன்று வசனம் எழுதச் சொல்லுங்கள்: மாதிரி எங்கிருந்து வந்தது, என்ன சாயம், என்ன தெரிகிறது. வீட்டில் அம்மா வாசித்து விளங்கிக்கொள்ளும் தமிழில் எழுதுவது கட்டாயம். விருப்பக்குறிகளை எண்ணுவதில் எனக்கு நாட்டமில்லை. கீழே வரும் கேள்விகளைத்தான் தேடிப் படிப்பேன். விளங்காததை விளங்கியதுபோல் எழுதிய பிள்ளை, கேள்வி வந்ததும் புத்தகத்தைத் திறக்கும்.

ஒரு மாணவியின் படத்துக்குக் கீழே அவளுடைய மாமி கேட்டிருந்தார்: "ரெண்டு நாள் போனா தயிர் ஏன் மகள் இப்பிடிப் புளிக்குது?" அவள் விடை எழுதவில்லை. அடுத்த வகுப்புக்கு இரண்டு கோப்பைத் தயிரோடு வந்தாள். ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மற்றதை மேசையிலும் வைத்து, மறுநாள் இரண்டிலும் பீ.எச். தாளைத் தொட்டுப் படமெடுத்து மாமிக்கு அனுப்பினாள்.