சமரசம் பேசப் பழகுகிறவர்களுக்கு: மொசாம்பிக் போர் முடிந்த விதம்

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் அரசுக்கும் ரெனாமோ என்ற கிளர்ச்சிப் படைக்கும் 1977 தொடங்கி நடந்த உள்நாட்டுப் போர் ஏறத்தாழ 10 லட்சம் உயிர்களைக் குடித்தது. 1992 அக்டோபர் 4 அன்று ரோமில் கையெழுத்தான ஒப்பந்தம் அதை நிறுத்தியது. சமரசம் பழக வருகிறவர்கள் முதலில் படிக்கவேண்டியது இதைத்தான் என்பேன்.

முதல் படி: இரு தரப்பும் நம்புகிற ஆட்களைத் தேடுங்கள். ரோமில் நடுவில் உட்கார்ந்த நால்வரில் ஒருவர் பெய்ரா நகரப் பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ். போர் நடக்கும்போதே காட்டுக்குள் போய் ரெனாமோ தலைவர் ட்லகாமாவைப் பார்த்துப் பேசியவர். இடம் கொடுத்தது சான்ட் எஜீடியோ என்ற கத்தோலிக்க அமைப்பு. பழைய கன்னியர் மடம் ஒன்றில் பேச்சு நடந்தது.

இரண்டாம் படி, என் கணக்கில் இதுதான் பாதி வேலை: ஒருவரை ஒருவர் அழைக்கும் சொல்லை மாற்றவையுங்கள். அரசு பல ஆண்டுகளாக ரெனாமோவை 'ஆயுதக் கொள்ளையர்' என்றே சொல்லிவந்தது. கொள்ளையனோடு யார் ஒப்பந்தம் போடுவார்கள்? 1990 ஜூலை 10 அன்று வந்த முதல் கூட்டறிக்கையில் போர்நிறுத்தம் இல்லை, ஆயுதம் பற்றிய முடிவும் இல்லை. இரு தரப்பும் ஒரே மொசாம்பிக் குடும்பத்தவர் என்ற ஒப்புதல் மட்டும் இருந்தது. பிறகு பேசிய அத்தனையும் அதன்மேல்தான் நின்றது.

அடுத்து, சின்னதாக ஏதாவது ஒன்றை முடித்துக்காட்டுங்கள். அரசுக்குத் துணையாக வந்திருந்த ஜிம்பாப்வே படைகள் பெய்ரா, லிம்போபோ ரயில் பாதைகளை ஒட்டியே இருக்கவேண்டும், அங்கே ரெனாமோ தாக்கக்கூடாது என்று 1990 டிசம்பரில் முடிவானது. மீறல்கள் நடந்தன. ஆனாலும் மேசையை விட்டு யாரும் ஒரேயடியாக எழுந்துபோகவில்லை. மொத்தம் 11 சுற்று, 27 மாதம்.

கடைசிப் படி: துப்பாக்கியைக் கீழே வைப்பவருக்கு வேறு வேலை வேண்டும். உள்நாட்டுப் போர் நடந்த இன்னொரு ஆப்பிரிக்க நாடான அங்கோலாவில் படைகளைச் சரியாகக் கலைக்காமலே 1992இல் தேர்தல் வைத்தார்கள். தோற்றதும் அங்கிருந்த கிளர்ச்சித் தலைவர் சவிம்பி போருக்குத் திரும்பினார். மொசாம்பிக்கில் அந்தத் தவறைச் செய்யவில்லை. ரெனாமோ கட்சியாக மாற ஐ.நா. தனி நிதியே திரட்டியது. படைகளைப் பெரும்பாலும் கலைத்த பிறகே, 1994 அக்டோபரில் தேர்தல் வைத்தார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் ட்லகாமா விலகுவதாக அறிவித்தார். பலரும் பேசிப் பேசி அவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள். வாக்குப்பதிவை ஒரு நாள் நீட்டித்தார்கள்.