டேபிள் ரம்பத்துக்கு நானே செய்த காப்பு

பாம்பனில் வீட்டை ஒட்டிய கொட்டகையில்தான் என் டேபிள் ரம்பம்; மேசைப் பிளவில் வட்டப் பிளேடு சுழலும் அறுவை மெஷின். போன ஆடியில் வேப்பம்பலகையை ரீப்பராக அறுக்கும்போது, அறுத்த வாய் பின்பக்கம் மூடி பிளேடைக் கவ்விவிட்டது. பலகை திரும்பிப் பாய்ந்து தொடையில் அடித்தது. மூன்று நாள் நொண்டினேன். “கை பொழைச்சுச்சே, விடு மாப்ள” என்றார் வள்ளம் பழுதுபார்க்கும் மச்சான்.

விடவில்லை. பிளேடுக்குப் பின்னால், வாய் மூடாமலிருக்க ஒரு தகடு நிறுத்தினேன். என் பிளேடின் உடல் 2.2 மி.மீ., பல் அறுக்கும் அகலம் 3.2. இரண்டுக்கும் நடுப்பட்ட 2.5 மி.மீ. தடிமனில் எவர்சில்வர் தகடு; இரும்பென்றால் இந்த உப்புக்காற்று தின்றுவிடும். பல்லின் நேர்கோட்டில் அது நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பலகை முட்டுகிறது. இதற்கே ஒரு நாள் போனது.

தள்ளுகட்டை அரைமணி வேலை. பிளைவுட்டில் செருப்பு மாதிரி அடி, பலகையைப் பிடித்துத் தள்ள பின்னால் 6 மி.மீ. குதி. பிளேடு கடித்தாலும் கட்டைதான் போகும். பிளேடின் மேல்மூடிக்குப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், கண்ணாடி அடிபட்டால் சிதறும்.

மேசை துருப்பிடித்தால் பலகை இழுக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெழுகுவர்த்தி தேய்க்கிறேன்.

தள்ளுகட்டையை மச்சான் இரவல் வாங்கிப்போய் ஒரு வாரமாகிறது.