இணையப் படிவத்தை எல்லோரும் நிரப்பும்படி அமைப்பது எப்படி?

பார்க்கவோ மவுஸைப் பிடிக்கவோ முடியாதவரும் நிரப்ப வேண்டுமானால், முதலில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் தளத்தின் பதிவுப் படிவத்தை விசைப்பலகையால் மட்டும் நிரப்பிப் பாருங்கள். டேப் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும், ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் முந்தையதற்கு. இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்றே தெரியவில்லையா? நிற்கும் கட்டத்தைச் சுற்றித் தெரியும் ஃபோகஸ் கோட்டை, அழகைக் கெடுக்கிறது என்று யாரோ பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் எடுத்திருப்பார்கள். அதைத் திரும்பப் போடுங்கள். 'அனுப்பு' பொத்தானை டேப் தாண்டிப் போகிறதென்றால், டிவ் என்ற வெறும் பெட்டிக்கு நிறம் பூசிப் பொத்தான் என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் பட்டன் டேகையே போட்டால் என்டர், ஸ்பேஸ் இரண்டும் தாமாகவே வேலை செய்யும்.

அதிகம் படுத்துவது கட்டத்தின் பெயரான லேபிள்தான். 'மின்னஞ்சல்' என்பதைக் கட்டத்துக்குள் மங்கலான பிளேஸ்ஹோல்டராக மட்டும் வைத்தால், ஓர் எழுத்து தட்டியதுமே அது மறைந்துவிடும். நினைவாற்றல் குறைந்தவருக்கு இது பெரிய தடை. லேபிளைக் கட்டத்துக்கு மேலே நிரந்தரமாக எழுதி, அதன் 'ஃபார்' பண்பில் அந்தக் கட்டத்தின் ஐடியைக் கொடுங்கள். சரியாக இணைந்ததா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். லேபிளைக் கிளிக் செய்தால் கர்சர் கட்டத்துக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான்.

தவறான கட்டத்தைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானுக்கு அந்தச் சிவப்பு தெரியாது, நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் தெரியாது. 'தவறான உள்ளீடு' என்று மொட்டையாகச் சொல்லாமல், 'கடவுச்சொல்லில் குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும்' என்று எழுதுங்கள். அந்த வரியை ஏரியா-டிஸ்கிரைப்ட்பை (aria-describedby) என்ற பண்பின் மூலம் கட்டத்தோடு கட்டி, ஃபோகஸை முதல் தவறுக்கு நகர்த்துங்கள்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் மயிரிழையில் தேறும். ஒரு படி வெளிறிய 777777 தேறாது. 2023இல் வந்த அதன் 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24×24 பிக்சல் என்கிறது. கை நடுங்குபவருக்கு அது போதாது; 44 வையுங்கள்.

ஓடிபி கட்டத்தில் பேஸ்ட் செய்வதைத் தடுக்காதீர்கள். நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லி, நீட்டித்துக்கொள்ள 20 விநாடியாவது கொடுங்கள்.

பக்கத்தின் மொழி எது என்று சொல்லும் 'லேங்' பண்பையும் பாருங்கள். தமிழ்ப் பக்கத்தில் டெம்ப்ளேட்டோடு வந்த ஆங்கிலக் குறியீடு அப்படியே கிடந்தால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் வாசிக்கப் போய்த் தமிழை விழுங்கிவிடக்கூடும்.

தானியங்கிச் சோதனைக் கருவி, படத்தை விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று சொல்லும். அது பொருத்தமானதா என்று சொல்லாது. எனவே இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை விண்டோஸில் நிறுவி, திரையை அணைத்துவிட்டுப் படிவத்தை ஒருமுறை முழுதாக அனுப்பிப் பாருங்கள்.