பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு நாள்: ரங்கூனிலிருந்து ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு

ரங்கூனிலிருந்து சென்னைக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சுற்றுகிறார்கள். 1964-க்குப் பிறகு பர்மாவை விட்டு வியாசர்பாடியில் போய்க் குடியேறிய சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள், பர்மா பஜார் பக்கம் ஒரு தட்டு அத்தோ (நம்ம ஊர் நூடுல்ஸ்), அப்புறம் வாடகைக் கார் பிடித்து காஞ்சிபுரம், திருவண்ணாமலை, மதுரை. அதெல்லாம் சரி. அந்த நாட்களில் ஒன்றை மட்டும் எடுத்து, சென்னைக்குத் தெற்கே, புதுச்சேரி போகும் வழியில், கடப்பாக்கத்திலிருந்து மரக்காணம் வரை பக்கிங்காம் கால்வாயை ஒட்டி நடந்து பாருங்கள். ரங்கூன் பக்கத்துத் தளா படகுத்துறையிலும் துவாந்தே கால்வாயிலும் பழகிய நமக்கு அந்தத் தண்ணீர் சொல்வது சீக்கிரம் புரியும்.

துவாந்தே கால்வாயில் இன்றைக்கும் சரக்குப் படகு போகிறது. பக்கிங்காமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. தமிழ்நாட்டுப் பகுதி 163 கிலோமீட்டர். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், பசித்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டரை வெட்ட வைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நின்றுவிட்டது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அதே பஞ்சத்தில் ஊரில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறியவர்களும் ஏராளம். கரையில் நடக்கும்போது எனக்கு அந்த நினைப்புதான் விடவே இல்லை.

சென்னைக்கு விறகும் உப்பும் நெல்லும் இந்த வழியில்தான் போயின. சாலையும் ரயிலும் வந்து படகு குறைந்தது. 1965, 66, 76 புயல்கள் கரையை உடைத்து மண்ணை நிரப்பின. பிறகு யாரும் சரியாகத் தூர் வாரவில்லை.

போகும் வழி சுலபம். சென்னையில் புதுச்சேரி பேருந்து ஏறும்போது, “ஈ.சி.ஆர். வண்டியா, பைபாஸ் வண்டியா?” என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பைபாஸ் வண்டி திண்டிவனம் வழியாகப் போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் ஈ.சி.ஆர். வண்டியில் கடப்பாக்கத்தில் இறங்குங்கள். விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் நடையைத் தொடங்க முடியும். வழியில் வரும் கல்பாக்கம் அணுமின் நிலையப் பகுதி. அங்கே கால்வாய் பார்க்கிறேன், படம் எடுக்கிறேன் என்று இறங்கவே வேண்டாம்.

கடப்பாக்கத்திலிருந்து கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் தக்காண ஆட்சிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் இதைப் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-இல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்து இடித்தார்கள். செங்கல் சுவர் மிச்சம் இருக்கிறது. அதன்மேல் நின்றால் முன்னால் கழி (கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் உப்பங்கழி), அதற்கப்பால் மணல் திட்டு, அப்புறம் கடல். இந்தப் பக்கத்துக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்த நாட்டுக்காரர். ஆற்றுப்படை என்றாலே வழி சொல்வதுதானே! அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அவர் பாணனுக்குச் சொன்ன கடற்கரை வழியில்தான் நாமும் நடக்கிறோம்.

கோட்டையிலிருந்து தெற்கே கால்வாய்க் கரை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. சில இடத்தில் கழியோடு கலந்துவிடும், சில இடத்தில் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடக்கும். அங்கே பிடிவாதம் பிடிக்காதீர்கள். சவுக்குத் தோப்பு வழியாக மேற்கே ஏறினால் தார்ச்சாலை வந்துவிடும். அடுத்த ஊரில் மறுபடி இறங்கிக்கொள்ளலாம். கால்வாய்க்குள் கடல் ஓதம் ஏறி இறங்கும். காலையில் காய்ந்து தெரிந்த சேறு மத்தியானம் முழங்கால் வரை இழுக்கும். என் செருப்பு ஒன்று அப்படித்தான் போனது. பின்வார் உள்ள செருப்போ பழைய கான்வாஸ் ஷூவோ போடுங்கள். குடிதண்ணீர் கரையில் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். தனக்கா (நம் மரப்பட்டைச் சாந்து) பூசிக்கொண்டு போங்கள். வெயிலுக்கும் நல்லது, யாராவது நின்று அது என்னவென்று கேட்பார்கள், பேச்சும் தொடங்கும்.

தண்ணீரில் இடுப்பளவு நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரைப் பார்ப்பீர்கள். பனை ஓலைப் பறியை (பிடித்ததைப் போடும் கூடையை) வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். அது அவர்கள் பிழைப்பு. கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

எந்த ஊர் என்று கேட்டால் யாங்கோன் என்று சொல்லாதீர்கள், “ரங்கூன்” என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்குப் பெரியவர்கள் முகம் மாறும். எங்கள் பாட்டனார் “செங்கல்பட்டு ஜில்லா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நான் அதையே கேட்டுக்கொண்டு அலைந்தேன். ஒரு டீக்கடையில் ஒரு பெரியவர்தான், “ஜில்லாவை விடு தம்பி, குலதெய்வம் எது?” என்றார். சொன்னேன். இன்ன இன்ன ஊரில் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று மூன்று ஊர் சொன்னார். அதனால் கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் குலதெய்வத்தின் பெயர், அதற்கு என்ன படைப்பார்கள், மொட்டை அடிப்பது எந்த மாசம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய போட்டோ இருந்தால் அதையும் எடுங்கள். அதே பெரியவர், சின்ன வயதில் கரையில் ஆட்கள் கயிறு கட்டிப் படகு இழுத்துப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார்; காற்று வாகாக அடித்தால் பாய் விரிப்பார்களாம். அந்த டீக்கடையில் உட்கார்ந்த ஒரு மணி நேரம்தான் என் பயணத்திலேயே பெரியது.

பணம் விஷயம்: நம் பர்மாப் பணமான சியாட்டை அங்கே மாற்ற முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். டாலராகக் கொண்டுபோய்ச் சென்னையிலேயே ரூபாயாக்கி, சில்லறை நோட்டாக வையுங்கள். கிராமத்துக் கடையிலும் போனில்தான் பணம் அனுப்புகிறார்கள், நமக்கு அது இருக்காது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் லாட்ஜ்காரர், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் ஃபாரம் சி பதிய வேண்டும். சின்ன லாட்ஜ்களில் இடம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், ஆகவே இரவு தங்கப் புதுச்சேரியோ மாமல்லபுரமோ பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, கரை வழுக்கும், உப்பளமும் ஓய்ந்திருக்கும்.

மரக்காணத்தில் முதலில் பூமீசுவரர் கோயில், சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. பிறகு உப்பளம். வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வரப்பில் மட்டும் நடங்கள், பாத்தியில் கால் வைத்தால் அவர்களுடைய பல நாள் உழைப்பு கெடும். வெயில் சாயும் நேரம் அம்பாரமாகக் குவித்த உப்பு மஞ்சளாகத் தெரியும். பக்கத்துக் கழுவெளி ஏரிக்குப் பனிக்காலத்தில் பூநாரை வரும்.

இருட்டுவதற்குள் சாலைக்கு வந்துவிடுங்கள். சென்னைப் பேருந்தில் வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கழி அந்தப் பக்கம்தான் வரும்.