ஈரல் வெட்டெல்லாம் மண்ணிறமாகினால்

மெல்லிய இழைய வெட்டில் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று பிறபொருளெதிரிகளைக் (antibody) கொண்டு நிறமேற்றிப் பார்க்கும்போது, அந்த இடம் மட்டுமே மண்ணிறமாக வேணும். யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்தில் எலி ஈரல், சிறுநீரக வெட்டுகள் முழுக்க மண்ணிறமாக வந்தபோது, முதல் பிறபொருளெதிரியில் ஒட்டும் இரண்டாம் பிறபொருளெதிரியை 1:200 இலிருந்து 1:500 ஆக ஐதாக்கியும் பயனில்லை. இரண்டு பிறபொருளெதிரிகளும் இல்லாமல் ஏபிசி கலவையும் (ABC: அவிடினும் பயோட்டின் ஏற்றிய பெரொட்சிடேசு நொதியும் சேர்ந்தது) டிஏபியும் (DAB: அந்த நொதியால் மண்ணிறமாகும் பொருள்) மட்டும் போட்ட வெட்டும் நிறம் ஏறியது. டிஏபி மட்டும் போட்டது வெளிறியே இருந்தது. ஆக, இழையத்தின் சொந்தப் பெரொட்சிடேசை முடக்கும் 3% ஐதரசன் பெரொட்சைட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது; குற்றவாளி இழையத்தின் சொந்தப் பயோட்டின், அவிடின் இறுகப் பற்றும் உயிர்ச்சத்து. மறைந்த புரதத்தை வெளிக்கொணர வெட்டைச் சிற்றேற்றுக் (citrate) கரைசலில் சூடாக்கினால் அது இன்னும் வெளிப்படும்.

தீர்வு: சூடாக்கி ஆறிய பின், முதல் பிறபொருளெதிரிக்கு முன், அவிடின் கரைசல் 15 நிமிடம், கழுவல், பயோட்டின் கரைசல் 15 நிமிடம், மீண்டும் கழுவல். வரிசை மாறக்கூடாது. அவிடினில் நாலு பிணைப்பிடங்கள். மிஞ்சியவற்றைப் பயோட்டின் அடைக்காவிட்டால், பயோட்டின் ஏற்றிய இரண்டாம் பிறபொருளெதிரி அங்கேயே போய் ஒட்டும்.

அவிடின் வாங்க வசதியில்லையா? அவிடின் உள்ள முட்டை வெள்ளைக்கரு ஒன்றை 100 மில்லிலீற்றர் காய்ச்சிவடித்த நீரில் கலக்கி வடித்து எடுக்கலாம். பயோட்டினுக்கு 5% கொழுப்பகற்றிய பால்மா. ஆனால் அந்தப் பாலை ஏபிசி கலவைக்குள் விடவே கூடாது, பாலின் பயோட்டின் அவிடினை அடைத்து நிறமே வராது.

ஏபிசியை 30 நிமிடம் முந்திக் கலந்து வையுங்கள். அசைட்டு (azide, கெடாமல் காக்கும் பொருள்) உள்ள பபர் (buffer) கரைசல் வேண்டாம், பெரொட்சிடேசு முடங்கும். எங்கள் வெக்கைக்கு, வெட்டுகளை வைக்கும் ஈரப்பெட்டி மூடியிருக்க வேணும். காய்ந்த ஓரமும் மண்ணிறமாகும். சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் கரைசலுக்கு ஆகாது, கலக்கருக்களுக்கு நிறமேற்றும் ஈமற்றொக்சிலினை நீலமாக்க மட்டும் அருமை.